மாதவிலக்கு நின்ற பிறகு ஏறிய எடை: உங்களுக்கு எப்படி?

செந்தூல்காரி:

எனக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு 7 கிலோ ஏறிவிட்டது, எல்லாம் வயிற்றில். சேலை கட்டினால் கொசுவம் சொருக இடமில்லை. கிளினிக்கில் நர்ஸ் இடுப்பை அளந்து பார்த்து 93 செ.மீ. என்றார். நம் ஆசியப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாதாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால், தொடைப் பக்கம் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றில் சேர ஆரம்பிக்குமாம்.

முதலில் சோற்றை நிறுத்தினேன். இரண்டு வாரம் தாங்கியது. பதினைந்தாம் நாள் வாழையிலைக் கடையில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கினேன். அப்புறம் தெரிந்தவர் விற்ற பவுடர். காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "வாயில போடுற எல்லாத்தையும் எழுதுங்கம்மா" என்றாள். காலையில் இரண்டு தோசை, மதியம் அளவாகச் சோறு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடியற்காலை 3 மணி என்று ஒரு வரி தினமும் வந்தது. உடம்பு கொதித்து, வியர்த்து, விழிப்பு வந்துவிடும். மறுபடி தூக்கம் வராது. அடுப்படிக்குப் போய் மைலோ கலக்கி, கிரீம் கிராக்கரை நனைத்துச் சாப்பிடுவேன். இரண்டுதான் என்று நினைத்திருந்தேன். எண்ணினால் ஏழு! மைலோவில் டின் பால் மூன்று கரண்டி. பசியா என்றால் அதுவும் இல்லை.

பிஸ்கட் டின்னை மேல் அலமாரியில் வைத்தேன், ஸ்டூல் போட்டு எடுத்தேன். இப்போது வாங்குவதே இல்லை. படுக்கை அருகே தண்ணீர், ஒரு சின்னக் காற்றாடி. ஐந்து மாதத்தில் 3 கிலோ இறங்கியிருக்கிறது.

தண்ணீர்மலை (பினாங்கு):

அக்கா, எனக்கு வில்லன் புரட்டாசி. சைவம் என்றால் இளைத்துவிடுவோம் என்ற நினைப்பில் இருந்தேன். மாதம் முடிந்து நிறுத்துப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடுதல். உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், எண்ணெயில் பொரித்த சைவ மீன், சனிக்கிழமை தவறாமல் பாயசம். பருப்பு மட்டும் ஒரு ஓரமாக இருந்தது.

இப்போது நம் மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ'தான், மலாயில் 'கால், கால், பாதி'. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, பாதி காயும் பழமும். சொல்வது சுலபம்! கங்கோங் கீரை ஒரு கட்டு வதக்கினால் ஒரு பிடிதான் மிஞ்சுகிறது, அதில் பாதித் தட்டு எங்கே நிறைவது? வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டு ஒப்பேற்றுகிறேன். சோறு குறைவதைவிடப் பருப்பும் முட்டையும் கூடியதுதான் எனக்கு உதவியது. நாலு மணிக்கு ரொட்டி சானாய் தேடுவது நின்றுவிட்டது. இந்த வயதில் தசை வேறு கரைகிறதாம், வெறும் நடை போதாதென்று இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை:

நான் எண்ணெயை மட்டும் குறைத்தால் போதும் என்றிருந்தேன். அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வைப் பற்றிப் படித்த பிறகு தெளிந்தேன். மாதவிலக்கு நின்ற 48,835 பெண்கள், அதில் ஒரு பகுதியினருக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடு. புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் நடத்தினார்கள், எடைக்காக இல்லை. முதல் வருடம் சராசரியாக 2.2 கிலோ இறங்கியது. ஏழரை வருடம் கழித்துப் பார்த்தால் மற்றவர்களைவிட அரைக் கிலோகூடக் குறைவில்லை.

எனக்கு ஏறியது பேரனின் தட்டிலிருந்து. அவன் மிச்சம் வைக்கும் நகெட்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை. இப்போது அவனுக்கு முதலிலேயே குறைவாக வைக்கிறேன்.

செந்தூல்காரி:

டீச்சர், அந்த நகெட் என் நோட்டிலும் இருக்கிறது! நேற்று மறுபடி மூன்று மணிக்கு விழிப்பு. பிஸ்கட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த சாம்பாரைச் சுடவைத்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் படுத்தேன். அதையும் எழுதியாச்சு.