நாலாவது வாரம் பிறந்தாலே மோதிரம் இறுகுது: ஊசி போட்டுக்கிறவங்க அனுபவம் சொல்லுங்க

தொடங்கியவர்:
எனக்கு அக்ரோமெகலி, அதாவது வளர்ச்சி ஹார்மோன் கூடிப்போய் கை, கால் பெருக்குற வியாதி. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில வந்த கட்டியை மூக்கு வழியா எடுத்து ரெண்டு வருஷமாச்சு. பெரிய ரத்தக்குழாயைச் சுத்தி ஒட்டியிருந்த துணுக்கைத் தொட முடியாதுன்னு விட்டுட்டாங்க. அது இன்னும் வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்துக்கிட்டுதான் இருக்கு. அதனால அந்தச் சுரப்பை அடக்க 28 நாளைக்கு ஒருமுறை புட்டத்துல ஆக்ட்ரியோடைட் எல்ஏஆர்ங்கிற ஊசி, 20 மி.கி. மூணாவது வாரம் முடியிற வரைக்கும் வியாதி ஞாபகமே வராது. நாலாவது வாரம் பிறந்ததும் காலையில மோதிரம் கழலாது, சட்டை நனையுற அளவுக்கு வேர்வை, தலைவலி. குறட்டையும் திரும்பிடுச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. டாக்டர்கிட்ட சொன்னா ‘ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு’ங்கிறார். வேற யாருக்காவது இப்படி ஆகுதா? இன்னொண்ணு, மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோட மிதக்குது. கேக்கக் கூச்சமாத்தான் இருக்கு.

மறுமொழி:
தம்பி, ரத்தம் எந்த நாள்ல குடுக்குறீங்க? எனக்கும் ஒரு வருஷம் இதே கதைதான். வசதிப்பட்ட நாள்ல, ஊசி போட்டு ரெண்டு வாரத்துலயே ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் கூடினா ரத்தத்துல கூடுற பொருள்) எடுத்துக்கிட்டு இருந்தேன். அப்ப மருந்து நல்லா வேலை செய்யிற நேரம், நம்பர் அழகாத்தான் வரும். அடுத்த ஊசிக்கு முந்தின நாள் எடுத்துப் பாருங்க.

நான் இப்ப இதே வகையில இன்னொரு ஊசி, லான்ரியோடைட் 120 மி.கி.க்கு மாறிட்டேன். சிரிஞ்சுலயே மருந்து ரெடியா வரும், கலக்குற வேலை இல்லை. தோலுக்கு அடியில ஆழமா போடணும். ஊசி தடிமன், அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்து அரைமணி நேரம் கவரைப் பிரிக்காம வெளியே வெச்சு, இவர்தான் வீட்டுலயே போட்டுவிடுறார். இந்த மாசம் வலது பக்கம், அடுத்த மாசம் இடது. முதல் தடவை என்னைவிட அவருக்குத்தான் கை நடுங்குச்சு. கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி சில வாரம் இருந்து தானா கரையும். ஆமா, ஸ்கேன்ல பித்தப்பைக் கல்லும் தெரிஞ்சுது. வலி இல்லாததால சும்மா விட்டிருக்காங்க.

மறுமொழி:
எல்ஏஆர் போடுற எல்லாரும் இதைப் படிங்க. அது தூளா வரும், திரவம் ஊத்திக் கலக்கணும். அந்தத் தூள் சாதாரணத் தூள் இல்லை. தையல் போட்டா தானா கரையுமே, அந்த வகைப் பொருள்ல செஞ்ச நுண்ணிய மணிகள், உள்ளே மருந்து. திரவம் ஊத்தினதும் தூள் முழுக்க நனையிற வரைக்கும் அசைக்காம வைக்கணும், அப்புறம் கலக்கணும், கலந்ததும் உடனே போடணும். எனக்குப் போட வந்த நர்ஸ் புதுசு. கலந்து சிரிஞ்சுல ஏத்திட்டு, யாரோ கூப்பிட்டாங்கன்னு போய்ட்டாங்க. திரும்பி வந்து குத்தினா மருந்து இறங்கல, ஊசி அடைச்சுக்கிச்சு. பாதி உள்ளே போச்சா, கால்வாசி போச்சான்னு யாருக்கும் தெரியல. அந்த மாசம் முழுக்க மூட்டுவலி. அப்புறம் ஒவ்வொரு தடவையும் பக்கத்துல நின்னு பார்க்கிறேன். முறைச்சாலும் பரவாயில்லை.

மறுமொழி:
எனக்கு ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் ரெண்டுமே கேக்கல. அடுத்து பாசிரியோடைட்னு வேற ஊசி போட்டாங்க. ஐஜிஎஃப்-1 இறங்குச்சு, ஆனா சர்க்கரை ஏறிடுச்சு. இப்ப தினமும் பெக்விசோமன்ட் ஊசி. அது ஹார்மோன் சுரக்கிறதைத் தடுக்காது, உடம்புல அது வேலை செய்யிற இடத்தை அடைச்சுடும். இது தெரியாம ஒரு தடவை வேற லேப்ல வளர்ச்சி ஹார்மோனையே அளந்து, எகிறி வந்த நம்பரைப் பார்த்து வீடே அழுதுச்சு. இந்த மருந்துல ஐஜிஎஃப்-1 மட்டும்தான் கணக்கு.

தொடங்கியவர்:
அக்கா சொன்ன மாதிரி 27ஆம் நாள் ரத்தம் குடுத்தேன். என் வயசுக்கு இருக்க வேண்டியதைவிட ஐஜிஎஃப்-1 கூடுதல். டாக்டர் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு 30 மி.கி. எழுதிட்டார். மூணு ஊசிக்கு அப்புறம் மறுபடி பார்க்கணுமாம். அந்த இன்னொரு கேள்விக்கு மட்டும் யாருமே வாய் திறக்கலையே?

மறுமொழி:
எல்லாருக்கும் கூச்சம்தான் தம்பி! இந்த மருந்து கணைய நீரையும் குறைச்சுடுது, கொழுப்பு செரிக்காம அப்படியே வெளியே வருது. எனக்கு சாப்பாட்டோட என்சைம் கேப்ஸ்யூல் குடுத்தாங்க, சரியாயிடுச்சு. அடுத்த தடவை டாக்டர்கிட்ட இதையும் சொல்லிடுங்க.