உண்ணிச்செடி மறுபடி துளிர்க்காமல் ஒழிப்பது எப்படி?

அழகர்கோவில் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டத்து வேலியோரம் முழுக்க உண்ணிச்செடி மண்டிவிட்டது. சித்திரை வறட்சியில் வேறு பச்சை இல்லாததால் கன்று அதைத் தின்றுவிட்டது. கண் மஞ்சளித்தது, சாணம் இறுகியது, தீனி எடுக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் கன்று அது. வெள்ளைப் பகுதியில் மட்டும் தோல் சிவந்து, வெடித்து, உரிந்தது. செடியிலுள்ள லாண்டாடீன் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுத்துவிடுவதால், வெயில் பட்டதும் வெளிர்ந்த தோல் வெந்துபோகிறது என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். நிழலில் கட்டி வைத்தியம் பார்த்ததில் கன்று பிழைத்துக்கொண்டது. செடிதான் சாகமாட்டேன் என்கிறது.

தரையோடு வெட்டினோம். மழை விழுந்ததும் தூரிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்தது. தீ வைத்தோம், கருகிய கட்டையிலும் தளிர். பொக்லைன் விட்டுப் புரட்டினால், கிளறிய மண்ணில் நாற்றங்கால் போல முளைத்து நிற்கிறது. கறுநீலப் பழங்களை மைனாவும் சின்னானும் தின்று விதையைப் பரப்பிக்கொண்டே இருக்கின்றன. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடியாம். நல்ல அழகு!

செடியின் தாவரப் பெயர் லாண்டானா கமாரா. பல்லாண்டு வாழும் புதர். எங்களிடம் உள்ளது மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து பூக்கும் வகை. மண் சரளை. பக்கத்திலேயே கிணறும் மாடுகளும் இருப்பதால் களைக்கொல்லி தெளிக்க மனமில்லை. அந்த இடத்தில் கிளுவை நட்டு உயிர்வேலி போட எண்ணம்.

ஐப்பசி மழைக்கு முன், தூரை எந்த ஆழத்தில், எப்படி வெட்டி எடுத்தால் மறுபடி துளிர்க்காது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.