புதுப்பிப்பு: காய்ச்சலும் பாய்ச்சலும், ஒரு திருத்தத்துடன்

நெல் வயலில் எந்நேரமும் நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது சிறிது காயவிட்டு மறுபடி நீர் விட்டு, பாசனம் செய்வதாகவும், மண் வெடித்த பிறகே மறுபடி நீர் கட்டுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். அதன் பின்பாதி தவறு. களிமண்ணில் வெடிப்பு ஆழமாகிவிட்டால், அடுத்து விடும் நீர் அதன் வழியே வீணாகக் கீழிறங்கிவிடுகிறது.

இப்போது 30 செ.மீ. நீளமுள்ள துளையிட்ட குழாயைப் பாதியளவு புதைத்து, உள்ளே நீர்மட்டம் நிலப்பரப்புக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்சுகிறேன். குழாய்க்குள் இருந்த சேற்றை அள்ள மறந்ததால், முதல் வாரம் முழுவதும் அளவுகுச்சி சேற்றில் குத்தி நின்ற இடத்தையே நீர்மட்டம் என நம்பியிருந்தேன் (சிரிக்க வேண்டாம்). பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடவில்லை. அப்போது 35 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பமே மகரந்தச் சேர்க்கையைக் கெடுத்துப் பதரை மிகுவிக்கும் என்பதால், அதனுடன் வறட்சியும் சேரக்கூடாது.

இப்படிக் காயவிடும்போது காற்று மண்ணுக்குள் புகுவதால், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்குகின்றன; ஆனால் அதேபோல் புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம், களையும் மிகும்.

வெள்ளத்துக்கு இம்முறை உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவாது, அதற்கு இரகத்தைத்தான் மாற்ற வேண்டும். சப்1 மரபணு கொண்ட ஸ்வர்ணா சப்1 போன்ற இரகங்கள், மூழ்கியிருக்கும்போது தண்டை நீட்டி ஆற்றலைச் செலவழிக்காமல் அடங்கியிருந்து, சுமார் இரண்டு வாரத்துக்குப் பின்னும் துளிர்க்கின்றன. பயிரின் பாதி உயரத்துக்கு நீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளக்கால் நிலங்களுக்கு அவையும் பொருந்தா.