ஞாயிறு சாயங்காலம் ஆனால் நடுகல் தளம் உறைந்துவிடுகிறது, 504 பிழை: உதவி தேவை

காரிமங்கலத்தான்:

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்களுக்கென்று ஒரு தளம் நடத்துகிறோம். ஏரிக்கரை, வரப்பு, கோயில் வாசல் என்று எங்கே கல் கண்ணில் பட்டாலும் படம் எடுத்து, ஊர், தாலுகா, கல்லில் என்ன செதுக்கியிருக்கிறது என்று எழுதிப் போடுவார்கள். வருமானம் எதுவும் கிடையாது. ஆரம்பித்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். இப்போது பராமரிப்பு என் தலையில். நான் கிரானைட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன், கணினி படித்தவன் இல்லை. அதை மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

வார நாட்களில் தளம் ஒழுங்காக ஓடுகிறது. ஞாயிறு காலையில் களத்துக்குப் போனவர்கள் சாயங்காலம் வீடு திரும்பிப் படம் ஏற்ற ஆரம்பித்தால் மொத்தமும் நின்றுவிடுகிறது. மெதுவாகிறது என்று சொல்ல மாட்டேன், நிற்கிறது. ஒரு நிமிடம் கழித்து 504. அப்புறம் யாரும் தொடாமலே உயிர் வந்துவிடும். மறுபடி பத்து நிமிடத்தில் அதே கதை.

சர்வர் பெங்களூரில், மாத வாடகை. 2 ஜிபி ராம், ஒரு கோர். உபுண்டு, என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல் 5.7 (டேட்டாபேஸ்). கற்கள் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல், அவற்றுக்கு வந்த குறிப்புகள் நாற்பதாயிரம் இருக்கும். பிஹெச்பி லாகில் "மேக்ஸ் சில்ட்ரன் எல்லை 5 தொட்டாச்சு, கூட்டுங்கள்" என்று எச்சரிக்கை வந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பிஹெச்பி ப்ராசஸ் ஓடலாம் என்கிற எல்லையாம் அது. 50 ஆக்கினோம். இப்போது மைஎஸ்க்யூஎல்லே செத்து விழுகிறது.

கூடவே இரண்டு வழுக்கள். பட்டியலில் வரும் சுருக்கத்தின் கடைசி எழுத்து, கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரிகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் ஓசூர் பக்கத்துப் பழைய பதிவுகள் வருவதே இல்லை.

பர்கூர்_பையன்:

அண்ணா, 4 ஜிபி பிளானுக்கு மாறிடுங்க. தயாரான பக்கங்களைச் சேமித்துக் கொடுக்கிற கேஷ் ஒன்றும் முன்னால் வையுங்க. தீர்ந்தது வேலை.

ஓசூர்_நைட்ஷிப்ட்:

தம்பி, காரணம் தெரியாமல் ராம் வாங்கினால் ஞாயிறு ஆறு மணிக்கு நிற்பது ஆறேகாலுக்கு நிற்கும், அவ்வளவுதான்.

முதல் வேலை, அந்த 50ஐ இறக்குங்கள். ஒரு பிஹெச்பி ப்ராசஸ் சாதாரணமாக 40 எம்பி பிடிக்கிறது என்று வையுங்கள். 50 பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் 2000 எம்பி. உங்கள் மொத்த ராமே அதுதான். இடம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் யாரையாவது கொன்று இடம் பிடிக்கும். அதிக ராம் வைத்திருப்பவன்தான் முதலில் அதன் கண்ணில் படுவான், உங்கள் சர்வரில் அது மைஎஸ்க்யூஎல். கெர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடிப் பாருங்கள், இருக்கும். 8 வையுங்கள், போதும்.

ஆனால் அது விளைவு. முதலில் இருந்த ஐந்து ப்ராசஸும் எதற்காகவோ காத்துக்கொண்டு நின்றதால்தான் எல்லை தொட்டது. எதற்காக என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை தளம் நிற்கும் அந்த நிமிடத்தில் மைஎஸ்க்யூஎல்லுக்குள் போய் 'ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட்' அடித்து, அப்போது ஓடுகிற க்வெரிகளின் பட்டியலை இங்கே சொல்லுங்கள். ஸ்லோ க்வெரி லாகையும் இப்போதே திறந்து, ஒரு விநாடிக்கு மேல் எடுக்கிற எல்லாவற்றையும் பதியச் சொல்லுங்கள்.

காரிமங்கலத்தான்:

அக்கா, நேற்று சாயங்காலம் பிடித்துவிட்டேன். 8 ஆக்கிய பிறகு மைஎஸ்க்யூஎல் சாகவில்லை, ஆனால் தளம் நின்றது.

ப்ராசஸ்லிஸ்டில் மேலே ஒரு தேடல், 'செண்டிங் டேட்டா', 41 விநாடி. அதற்குக் கீழே 'பார்வை = பார்வை + 1' என்று கல் டேபிளில் ஓர் அப்டேட், நிலை 'வெயிட்டிங் ஃபார் டேபிள் லெவல் லாக்'. அதற்கும் கீழே வரிசையாக சாதாரண செலக்ட்கள், எல்லாவற்றுக்கும் அதே நிலை. முகப்புப் பக்கம்கூட அந்த வரிசையில் நிற்கிறது.

தேடல் க்வெரி நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், கல் டேபிளையும் குறிப்பு டேபிளையும் இணைத்து, தாலுகா 'ஓசூர்' என்றோ 'ஹோசூர்' என்றோ இருந்தால், அல்லது விவரத்தில் அந்தச் சொல் இருந்தால், அல்லது குறிப்பில் இருந்தால், என்று வரிசையாக லைக். எல்லாவற்றிலும் சொல்லுக்கு இரண்டு பக்கமும் சதவீதக் குறி, அதாவது முன்னும் பின்னும் எது இருந்தாலும் சரி.

ஓசூர்_நைட்ஷிப்ட்:

டேபிள் லெவல் லாக் என்ற மூன்று சொல்லிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. உங்கள் டேபிள்கள் மைஐசாம், மைஎஸ்க்யூஎல்லின் பழைய சேமிப்பு முறை. 'ஷோ டேபிள் ஸ்டேட்டஸ்' போட்டால் என்ஜின் என்ற இடத்தில் தெரியும். மைஎஸ்க்யூஎல் 5.5 வந்தபோதே இன்னோடிபி என்ற இன்னொரு சேமிப்பு முறை இயல்பாகிவிட்டது. உங்கள் தளம் அதற்கு முன் பிறந்தது, அல்லது பழைய டம்ப்பை (டேட்டாபேஸ் நகலை) அப்படியே ஏற்றியிருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். மைஐசாமில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கலாம். எழுத வந்தவன் மட்டும், படிக்கிறவர்கள் எல்லாரும் முடிக்கும் வரை நிற்க வேண்டும். இங்கேதான் வினை: அங்கே எழுதுகிறவனுக்கு முன்னுரிமை. அவன் காத்திருக்கும்போது புதிதாகப் படிக்க வருகிறவர்கள் அவனுக்குப் பின்னால்தான் நிற்க முடியும். ஒரே பாதை திறந்திருக்கிற சுங்கச்சாவடியில் முன்னால் நிற்கிற லாரிக்காரர் சில்லறை தேடுகிற மாதிரி. லாரி உங்கள் 41 விநாடித் தேடல், பின்னால் நிற்கிற கார் பார்வை எண்ணிக்கை. பக்கம் திறந்தாலே ஓர் அப்டேட் ஓடுவதால், தேடல் தொடங்கிய அடுத்த நொடியே பூட்டு விழுந்துவிடும். வார நாளில் தேடுகிறவர்கள் குறைவு, அதனால் தெரியவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடிதான் பொறுக்கும், அதுதான் உங்கள் 504.

இரண்டு வேலை செய்ய வேண்டும், இரண்டும் தனித்தனி.

பூட்டு: முழு பேக்கப் எடுத்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு டேபிளாக 'ஆல்டர் டேபிள்' போட்டு இன்னோடிபிக்கு மாற்றுங்கள். அதில் பூட்டு வரி அளவில்தான். ஒரு கல்லின் எண்ணிக்கை கூடுவதற்காக மற்ற கற்களைப் பார்க்கிறவர்கள் நிற்க வேண்டாம். மாற்றிய கையோடு பஃபர் பூல், அதாவது இன்னோடிபி தரவை ராமில் வைத்துக்கொள்ளும் இடம், அதன் அளவைப் பாருங்கள். இயல்பு 128 எம்பி. உங்களுக்கு 512 கொடுக்கலாம். தினசரி டம்ப்பில் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' சேர்த்துவிடுங்கள், பேக்கப் ஓடும்போதும் தளம் நிற்காது. மைஐசாமில் அதைப் போட்டுப் பயன் இல்லை, மாற்றிய பிறகுதான்.

தேடல்: குறிப்பு டேபிளில் கல் எண்ணுக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கிற சொல்லடைவு மாதிரி) இருக்கிறதா? இல்லை என்று பந்தயம் கட்டுவேன். இண்டெக்ஸ் இல்லாமல் பத்தாயிரம் கல்லையும் நாற்பதாயிரம் குறிப்பையும் இணைத்தால் 40 கோடி ஒப்பீடு. சொல் கல்லிலும் இருக்கலாம், குறிப்பிலும் இருக்கலாம் என்று 'ஆர்' போட்டிருப்பதால், முன்னாலேயே வடிகட்டவும் அதற்கு வழி இல்லை. அதனால் இண்டெக்ஸ் போட்டுவிட்டு, தேடலையும் இரண்டாக உடையுங்கள்: கல்லில் தேடுவது ஒன்று, குறிப்பில் தேடுவது ஒன்று, இரண்டு விடையையும் சேர்க்க நடுவில் 'யூனியன்'. முன்னால் சதவீதக் குறி இருக்கிற லைக்குக்கு இண்டெக்ஸ் உதவாது, அது உண்மை. ஆனால் பத்தாயிரம் வரியை ஒருமுறை வாசிப்பது ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டு, 'ரோஸ்' எண் (எத்தனை வரி வாசிக்க வேண்டும் என்ற மதிப்பீடு) குறைகிறதா என்று பாருங்கள்.

அதியமான்கோட்டை:

கணினி எனக்குத் தெரியாது. ஊர் தெரியும், அதனால் குறுக்கிடுகிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் அச்சான எந்த நூலை எடுத்தாலும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைக் கற்கள் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். அந்தத் தருமபுரியும் 1965 வரை சேலம் மாவட்டம்தான். ஆசிரியர் நூலில் கண்டபடி பதிந்திருப்பார். அதைத் 'திருத்துகிறேன்' என்று அழித்துவிடாதீர்கள் ஐயா, நாளைக்கு மேற்கோளைச் சரிபார்க்கிறவனுக்கு அது வேண்டும்.

எழுத்தும் ஒரே மாதிரி இருக்காது. தருமபுரி, தர்மபுரி. பென்னாகரம், பெண்ணாகரம். கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி. கல்லைத் தேடி வருகிறவர் எதை அடிப்பார் என்று யாருக்குத் தெரியும்?

ஓசூர்_நைட்ஷிப்ட்:

ஐயா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதில். அந்த லைக் சங்கிலி முளைத்ததே இதனால்தான். எழுத்து மாறி வரும்போதெல்லாம் யாரோ ஓர் 'ஆர்' சேர்த்திருக்கிறார்கள்.

தாலுகாவை நம்பியும் பதியாதீர்கள். சூளகிரி, அஞ்செட்டி, நல்லம்பள்ளி எல்லாம் பின்னால் பிரிந்த தாலுகாக்கள், இனியும் பிரியும். ஊரைப் பிடியுங்கள், ஊர் நகராது. ஊருக்கு ஒரு டேபிள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இன்றைய தாலுகா, மாவட்டம் அந்த டேபிளில் மட்டும். கல் பதிவில் ஊர் எண், அதன் பக்கத்தில் 'நூலில் உள்ளபடி' என்று பழைய இடக்குறிப்பு அப்படியே. மாற்று எழுத்துகளுக்கு இன்னொரு சின்ன டேபிள்: 'பெண்ணாகரம்' என்று அடித்தாலும் பென்னாகரத்தின் எண்ணுக்குப் போகும். பெயர் முழுதாகப் பொருந்த வேண்டும் என்பதால் இங்கே சதவீதக் குறியே வேண்டாம், இண்டெக்ஸ் நேராக வேலை செய்யும். நாளைக்குத் தாலுகா பிரிந்தால் ஊர் டேபிளில் சில வரிகளை மாற்றினால் முடிந்தது.

பர்கூர்_பையன்:

கேள்விக்குறிக்கு நான் சொல்கிறேன் அண்ணா. சுருக்கம் வெட்டுகிற இடத்தில் 'சப்ஸ்டர்' இருக்கும். அது பைட் எண்ணி வெட்டும். யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், இடைவெளி 1 பைட். நடுவில் கத்தி விழுந்தால் பாதிக் குறி மிஞ்சும், அதுதான் அந்தக் கட்டம். 'எம்பி_சப்ஸ்டர்' போட்டால் கட்டம் போய்விடும்.

ஆனால் அதோடு விட்டால் 'வீரன்' என்பது 'வீரன' என்று நிற்கும். புள்ளி தனிக் குறி, அதை விட்டுவிட்டு வெட்டிவிடும். எழுத்து கெடாமல் வெட்ட 'கிராஃபீம்_சப்ஸ்டர்' இருக்கிறது, அதற்கு 'இன்ட்ல்' (intl) என்ற பிஹெச்பி எக்ஸ்டென்ஷன் வேண்டும். நானாக இருந்தால் கடைசி இடைவெளி வரை பின்னால் போய் முழுச் சொல்லோடு வெட்டுவேன். பாதிச் சொல்லில் நிற்கிற சுருக்கத்தை யார் படிப்பார்கள்?

காரிமங்கலத்தான்:

எல்லாருக்கும் நன்றி. இன்னோடிபிக்கு மாற்றி, இண்டெக்ஸ் போட்டு, தேடலையும் உடைத்தாயிற்று. அதே ஓசூர் தேடல் இப்போது ஸ்லோ லாகிலேயே விழவில்லை. ஞாயிறு தளம் நிற்கவில்லை. ஊர் டேபிள் வேலை பாதியில் இருக்கிறது, அதியமான்கோட்டை ஐயா மாற்று எழுத்துப் பட்டியல் அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

ஒன்று பாக்கி. பத்துப் பேர் சேர்ந்து படம் ஏற்றும்போது ராம் திடீரென்று ஏறி இறங்குகிறது. செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் தளத்தில் படுத்துக்கொண்டு வருகின்றன, வாளோடு நிற்கிற வீரன் தூங்குகிறான்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:

ராம் ஏறுவது சரியான கணக்குத்தான். 12 மெகாபிக்சல் படம் கோப்பாக 4 எம்பி இருக்கலாம். சின்னதாக்குவதற்காக ஜிடி (பிஹெச்பியின் பட நூலகம்) அதை விரிக்கும்போது 4000 × 3000 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், 48 எம்பி ஆகிறது. எட்டு ப்ராசஸும் ஒரே நேரத்தில் விரித்தால் கிட்டத்தட்ட 400. படம் வந்தவுடன் சேமித்துவிட்டு, சின்னதாக்குவதை க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற வேலை) ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். சின்னப் படம் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் யாருக்கும் கோபம் வராது.

படுக்கிற வீரனுக்குக் காரணம் எக்ஸிஃப், படக் கோப்புக்குள் இருக்கும் விவரக் குறிப்பு. செல்போன் படத்தைத் திருப்பாமலே சேமித்து, 'இப்படித் திருப்பிக் காட்டு' என்று உள்ளே ஓர் எண் எழுதி வைக்கிறது. ஜிடி மறுபடி சேமிக்கும்போது அந்தக் குறிப்பு போய்விடுகிறது. சின்னதாக்கும் முன் 'ஓரியண்டேஷன்' எண்ணைப் படியுங்கள். 6 என்றால் வலப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும். ஆனால் 'இமேஜ்ரொட்டேட்' இடப்பக்கமாகச் சுற்றும், ஆகவே மைனஸ் 90 கொடுங்கள். 3 என்றால் 180, 8 என்றால் 90.

எக்ஸிஃப் என்றதும் ஒரு சந்தேகம். அசல் படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, வெளியிலிருந்து யாரும் இறக்க முடியுமா? செல்போன் ஜிபிஎஸ் இடத்தையும் அதே கோப்புக்குள்தான் எழுதுகிறது.

அதியமான்கோட்டை:

அப்படியா? அதை முதலில் மூடுங்கள் ஐயா. காட்டோரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிற கல்லுக்கு நாமே வழி காட்டக் கூடாது. ஊர் பெயர் வரை போதும்.

காரிமங்கலத்தான்:

அசல் ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. என்ஜின்எக்ஸில் இப்போது அடைத்துவிட்டேன், 403 (அனுமதி இல்லை) வருகிறது. தளத்தில் இனி சின்னப் படம் மட்டும். திருப்புகிற வேலையை க்ரானோடு சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய படங்களையும் அதே வழியாக இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்தானே அக்கா?

ஓசூர்_நைட்ஷிப்ட்:

விடலாம். ஒரு தடவைக்கு ஐம்பது படம், மற்ற வேலைகளுக்கு வழி விடும்படி 'நைஸ்' போட்டு ஓட்டுங்கள். பேக்கப் நேரத்தோடு மட்டும் மோத விடாதீர்கள்.