ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 32எஸ்ஸா, 33எஸ்ஸா?

கொழும்பில பாவிச்ச ரெண்டு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார் பார்த்து வச்சிருக்கு. ரெண்டும் மனுவல். ஒன்று பழைய மொடல் 32எஸ் (1.6 லீற்றர் எஞ்சின், டேர்போ இல்லை), மற்றது அதுக்கு அடுத்த மொடல் 33எஸ் (1.4 லீற்றர் டேர்போ). ரெண்டிலயும் ஒவ்வொரு குறை. மாத முடிவுக்குள்ள ஒன்றுக்கு அட்வான்ஸ் குடுக்கோணும்.

ஓட்டம்: கிழமை நாளில வெள்ளவத்தை – கோட்டை, காலி வீதி நெரிசல். சனி ஞாயிறில கித்துள்கல, கினிகத்தேனை வளைவுகள்.

33: நாலாம் கியரில 2,000 ஆர்பிஎம்மில முழுசா மிதிச்சா, டேர்போ பிடிக்கிற இடத்தில ஆர்பிஎம் ஊசி மட்டும் ஏறுது, வேகம் ஏறேல்ல. கிளச் வழுக்குது, தட்டு முடிஞ்சிருக்கும். 230 நியூட்டன் மீற்றர் டோர்க் (இழுவை) 2,500 ஆர்பிஎம்மிலயே வந்திடும்; அரைக் கிளச்சில ஊர்ந்தால் புதுத் தட்டும் கெதியில தேயும். தரை உயரமும் 120 மி.மீ. தான், ஒழுங்கை வேகத்தடைகளில முன் பம்பர் உரசும்.

32: குளிர் எஞ்சினில மூன்றில இருந்து ரெண்டுக்கு இறக்கேக்க கரகரக்குது, சூடானால் குறையுது. உரிமையாளர் கியர் ஒயில் மாத்திப் பார்த்தார், அப்படியேதான். நிக்கேக்க ஒன்றாம் கியரும் ரிவர்ஸும் சுத்தமா விழுறதால கிளச்சில பிழையில்லை. ரெண்டாம் கியர் சிங்க்ரோ ரிங்தான் (கியர் விழேக்க வேகத்தைச் சமப்படுத்துற வளையம்) பிழை.

எஞ்சின் கொம்ப்ரெஷன், கொம்பியூட்டர் ஸ்கேன், அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாச்சு, ரெண்டிலயும் சரி. கியர்பொக்ஸை எப்படியும் இறக்கத்தான் வேணும். 33க்கு கிளச் கிட்டோட முடியும். 32க்கு பெட்டியையே பிரிக்கோணும், உள்ள கியர்ப் பல்லும் போயிருந்தா செலவு ஏறும். ஆனா நெரிசலுக்கு 32தான் லேசு, ஸ்டியரிங்கிலும் குறை சொல்ல ஏலாது.

இந்த ஓட்டத்துக்கு, ரிப்பேர் செலவையும் சேர்த்து, நீங்கள் எதை எடுப்பீங்கள்?