பெரிய ஆக்சில் மாற்றுவதா, ஷாஃப்ட் மட்டும் போதுமா? காரைக்குடிப் பக்கம் ஃபோர் வீல் பிக்கப் ஓட்டுபவர்கள் அனுபவப் பகிர்வு

பள்ளத்தூர்:
பழைய ஃபோர் வீல் பிக்கப். ஆத்தங்குடிக் கல், தைலமரக் கட்டை இரண்டும் ஏறும். கண்மாய்க் கரை, காட்டுப் பாதைதான் அதிகம். 30 இன்ச் டயரை 33 ஆக்கியாச்சு. இப்போது பின் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்றுகிற தண்டு) ஒடிந்து நிற்கிறது. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலாகவே மாற்றிவிடலாம் என்கிறார்கள். அவ்வளவு செலவு தேவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை:
அண்ணே, ஒடிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முறிந்த முகத்தை டீசலில் கழுவி வெயிலில் வைத்துப் பாருங்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

உள்ளே ஸ்ப்ளைன் (டிஃபரன்ஷியலில் கோக்கிற பல் வெட்டிய முனை) பக்கம் ஒடிந்து, பற்கள் நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு போயிருந்தால் அது இழுவை தாங்காமல் போனது. வெளியே, பேரிங் உட்காரும் இடத்தில் ஒடிந்து, ஓரத்திலிருந்து வளைவு வளைவாக வழவழப்பான கோடும், மிச்ச இடம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது பாரம் தாங்காமல் போனது. மேலே சின்ன வெடிப்பாகத் தொடங்கி, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே நகர்ந்து, கடைசியில் ஒருநாள் ஒடியும்.

ஸெமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட்தான் வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது, சக்கரத்தையும் சுற்றுகிறது. ஒடிந்தால் சில அமைப்பில் சக்கரமே கழன்று போய்விடும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் பாரம் முழுக்க ஆக்சில் கூட்டின் நுனிக் குழாயான ஸ்பிண்டில் மேல், இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்கில் நிற்கும். ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும். ஒடிந்தாலும் துண்டை உருவிவிட்டு, முன் சக்கர இழுவையில் வீடு வந்து சேரலாம். பாரத்தால் ஒடிந்ததென்றால் ஃபுல் ஃப்ளோட்டிங்குக்குக் கொடுக்கிற காசு நியாயம். இழுவையால் ஒடிந்ததென்றால் முதலில் வேறு இடத்தைப் பாருங்கள்.

கானாடுகாத்தான்:
இழுவைக்கு ஒரு கணக்கு. 250 நியூட்டன் மீட்டர் எஞ்சின், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, கிரவுன் (டிஃபரன்ஷியல் பல் விகிதம்) 4.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 10,250. காகிதத்தில் பார்த்தால் எந்த ஷாஃப்டும் பயப்படும். ஆனால் அவ்வளவையும் டயர் தரையில் இறக்க முடியாது. ஒரு சக்கரத்தில் 700 கிலோ பாரம் என்றால், காய்ந்த கெட்டித் தரையில்கூட ஏறத்தாழ 2,100 நியூட்டன் மீட்டரிலேயே வழுக்கிவிடும். ஈரக் கண்மாய் மண்ணில் அதில் பாதிதான். அதனால் சேறு ஷாஃப்டை ஒடிப்பதில்லை.

ஒடிப்பது அதற்கு அடியில் இருக்கிற செம்பாறை. நம் பக்கத்துக் கண்மாய் உள்வாயில் மேலே களி, கீழே பாறை. ஆக்சிலரேட்டரை மிதித்து சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது, டயர் திடீரென்று பாறையிலோ மடைக் கல்லிலோ பிடித்தால், சுற்றிக்கொண்டிருந்த வேகம் முழுக்க ஒரே அடியாக ஷாஃப்டில் விழும். லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது) போட்ட வண்டியில் அந்த அடி ஒரே பக்கத்தில் இறங்கும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் காலை எடுத்துவிட வேண்டும். இதற்குக் காசே இல்லை.

33 டயர் போட்டபின் கிரவுன் மாற்றினீர்களா? டயர் 10 சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். 4.1 இருந்த இடத்தில் 4.56 போட்டால்தான் பழைய இழுவை திரும்பும். இல்லாவிட்டால் மேட்டில் கிளட்சை நழுவவிட்டு உதறி உதறி ஏற்றுவார்கள். அந்த உதறல்தான் ஸ்ப்ளைனைத் தின்கிறது. மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி) இறுகிச் செத்துவிடும்.

காரைக்குடி, பட்டறை:
ஆக்சில் விலையைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுகிறவர்கள்தான் நடுவில் வேலையை நிறுத்துகிறார்கள். ஆக்சிலோடு கூடவே வருகிற வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) அகலம் பொருந்தாது. ஸ்பிரிங் பட்டை உட்காரும் பேடை வெட்டி, பினியன் (கிரவுனைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம்) கோணம் பார்த்து மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். புது யூ-போல்ட். ப்ரொபெல்லர் ஷாஃப்டை நீளம் குறைத்து பேலன்ஸ் பண்ண வேண்டும். ஹப் போல்ட் எண்ணிக்கை மாறினால் பின் ரிம் இரண்டும் மாறும், பழைய ஸ்டெப்னி பின்னால் பொருந்தாது. பிரேக் வீல் சிலிண்டர் பெரிசானால் மாஸ்டர் சிலிண்டர் போதாது, பெடல் கீழே போகும். ஹேண்ட் பிரேக் கேபிள் தனி. ஏபிஎஸ் இருக்கிற வண்டியென்றால் சென்சாருக்கு இடம் தேட வேண்டும்.

கிரவுன்-பினியன் செட்டிங்கைக் கண்ணால் பார்த்துச் செய்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விடுகிற இடைவெளி) பார்க்க வேண்டும். பெரும்பாலான செட்டுக்கு 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர். சரியான அளவு அந்தந்த மேனுவலில் இருக்கும். பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். வேர்ப் பக்கமோ நுனியோ விழுந்தால் பினியன் ஷிம் (மெல்லிய தகடு) மாற்றிக் கோக்க வேண்டும். புது செட்டை முதலில் லோடு இல்லாமல் 15, 20 நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, பிறகு எடுங்கள். 800 கிலோமீட்டரில் ஆயில் மாற்றிவிடுங்கள். ஜி.எல். 5 தரக் கியர் ஆயில்தான்.

தேவகோட்டை:
லேத்தில் ஷாஃப்ட் கடைவது பற்றி ஒரு வார்த்தை. ஈ.என். 8 என்கிற கார்பன் எஃகில் கடைந்து அப்படியே மாட்டினால் லோடில் முறுக்கிக்கொள்ளும். ஈ.என். 24 நல்ல இரும்பு. ஆனாலும் பல் வெட்டியபின் முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் கொடுக்காவிட்டால் அதன் பலன் வராது. ஸ்ப்ளைன் முடிகிற இடத்திலும் ஃபிளேஞ்ச் கழுத்திலும் கூர்மையான படி விடாமல் வளைவாக இறக்கச் சொல்லுங்கள். வெடிப்பு பிறக்கிற இடம் அதுதான்.

இன்னொன்று. ஷாஃப்டை மட்டும் ரொம்பப் பலமாக்கினால் அடுத்து கிரவுன் பல் போகும். அதற்கு டிஃபரன்ஷியலையே இறக்க வேண்டும். ஷாஃப்ட் என்றால் காட்டிலேயே மாற்றிவிடலாம்.

திருப்பத்தூர்:
பிரீதரை (ஆக்சிலுக்குள் காற்று போய்வருகிற துவாரம்) மறந்துவிடாதீர்கள். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தால் அதுதான் காரணம். ஒரு ஹோஸ் போட்டு பாடிக்கு மேலே ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

சட்டப் பக்கமும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 182-ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பள்ளத்தூர்:
கழுவிப் பார்த்தேன். பேரிங் பக்கம்தான் ஒடிந்திருக்கிறது. ஸ்ப்ளைன் நேராக இருக்கிறது. ஓரத்தில் வழவழப்பான வளைவுக் கோடு தெரிகிறது.

தேவகோட்டை:
அப்படியானால் பாரம்தான். 33 டயர் உரசாமல் இருக்க வீல் ஸ்பேசர் போட்டிருக்கிறீர்களா? ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள, அதே பாரம் ஷாஃப்டை அதிகம் வளைக்கும். முதலில் அதைக் கழற்றுங்கள். அடுத்து எடை மேடையில் லோடோடு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை போட்டு, கம்பெனி சொன்ன பின் ஆக்சில் பாரத்தோடு ஒப்பிடுங்கள். ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்து ஆயில் சீல் திரும்பத் திரும்ப ஒழுகினால் அந்தச் சந்தேகம் உண்டு. வளைந்த ஹவுசிங்கில் எந்தப் புது ஷாஃப்டும் நிற்காது.

கல் லோடு குறைக்க முடியாது, எடை அளவைத் தாண்டித்தான் போகும் என்றால் அந்த லோடுக்கென்று கட்டிய பெரிய வண்டி வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். லோடு அளவுக்குள் இருந்தும் ஒடிந்தது என்றால் மட்டும் ஃபுல் ஃப்ளோட்டிங் போடுங்கள்.