மூன்று பேப்பரிலும் ஒரே தெருப்பெயர்ப் பிழை. நிருபர்கள் போலீஸ் சொல்வதை அப்படியே எழுதிவிடுகிறார்களா?

கம்மாய்க்கரை அக்கா கேட்கிறார்:

என் தம்பி டூவீலர் மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலையில் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. பைக் திருடிய மூன்று பையன்களைப் பிடித்திருக்கிறார்கள். அதில் ஒருவன் திருட்டு வண்டி ஒன்றைத் தம்பியிடம் கார்புரேட்டர் வேலைக்கு விட்டிருக்கிறான். "வண்டியக் கொடுத்தது இவன்தானா, வந்து சொல்லு" என்றார்கள். சொன்னான். சாட்சி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்னால், வண்டிகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தபோது "நீயும் ஓரமா நில்லுப்பா" என்று ஒரு ஏட்டு சொல்லியிருக்கிறார். இவனும் நின்றான்.

மறுநாள் மூன்று பேப்பரில் செய்தி. மூன்றிலும் "நான்கு பேர் கைது". தம்பியின் பெயர், வயது, தெரு எல்லாம் இருக்கிறது. "திருட்டு பைக்குகளைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றதை ஒப்புக்கொண்டார்" என்றும் இருக்கிறது. நாங்கள் இருப்பது கம்மாய்க்கரைத் தெரு. மூன்று பேப்பரும் கம்மாளர் தெரு என்று போட்டிருக்கின்றன. எங்கள் ஊரில் அப்படி ஒரு தெருவே கிடையாது!

பட்டறையில் பாதி பிரித்துப் போட்டிருந்த ஸ்கூட்டரை ஒரு வாத்தியார் அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தம்பிக்குப் பேசி வைத்திருந்த இடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அந்தக் கட்டிங் வந்தது. அதன்மேல் ஒரு வார்த்தை இல்லை. வெறும் கட்டிங்.

நிருபர் என்று யாராவது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். தட்டவே மாட்டார்களா? இதுதான் வழக்கமா?

வடை டீ:

அக்கா, "பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்று மாவுக்கட்டோடு போட்டோ போட்டு எத்தனை வருஷமாக எழுதுகிறார்கள்? அத்தனையும் போலீஸ் வாக்கியம்தான். நம் ஸ்டேஷன் பாத்ரூம்களில் கைதிகள் மட்டும் எப்படி வழுக்குகிறார்கள் என்று 2025-இல் உயர்நீதிமன்றமே கேட்டுவிட்டது. பேப்பர்காரர்களுக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை. காப்பி பேஸ்ட் செய்கிறவனுக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

பழைய தாலுகா நிருபர்:

தங்கச்சி, நான் 19 வருஷம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தவன். இப்போது மருமகனின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தெருப்பெயரைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. அந்த மூன்று செய்தியையும் மூன்று நிருபர்கள் எழுதவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் எழுதினார், மூன்று பேர் அனுப்பிவைத்தார்கள்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சாயங்காலம் ஆறு, ஆறரைக்குப் பிரஸ் குரூப்பில் ஒரு போட்டோவும் ஒரு பாராவும் விழும். மாவட்டப் பக்கம் முடிய ஒரு மணி நேரம்தான் இருக்கும். அந்தப் பாராவின் நடை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "வாகனத் தணிக்கையில் ஈடுபட்டிருந்தபோது சந்தேகத்திற்கிடமான வகையில் வந்தவரை நிறுத்தி விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தார். கிடுக்கிப்பிடி விசாரணையில் ஒப்புக்கொண்டார்." நாங்கள் அதில் ஆரம்பத்தை மாற்றுவோம், "கைவரிசை", "கம்பி எண்ணுகிறார்கள்" என்று இரண்டு சொல் சேர்ப்போம். அவ்வளவுதான் எங்கள் எழுத்து.

நிருபரைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சம்பளம் கிடையாது. அச்சான வரிக்குக் காசு, தீபாவளி மலருக்குப் பிடித்துக் கொடுத்த விளம்பரத்தில் கமிஷன். ஒரு வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தால் பெட்ரோல் நம் கைக்காசு. விசாரித்த பிறகு "இதில் செய்தியே இல்லை" என்று தெரிந்தால் வரியும் இல்லை, காசும் இல்லை. போலீஸ் பாராவை அப்படியே தட்டிவிட்டால் இருபது வரி. இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்காததை எழுதினால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். அடுத்த விபத்து எல்லாப் பேப்பரிலும் வரும், நம்முடையதில் வராது. காலை ஏழு மணிக்கு மாவட்ட ஆபீசிலிருந்து போன்: "மிஸ் ஆயிடுச்சே, எங்கய்யா போன?" அந்த போனுக்குப் பயந்தே பாதி வயசு போனது.

இதெல்லாம் காரணம்தான். ஆனால் இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. வருஷம், ஊர் வேண்டாம். வழிப்பறி கேஸில் ஒரு பையன். வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது என்று பாரா வந்துவிட்டது. வேறு ஒரு விபத்துச் செய்திக்காக ஜிஎச்சுக்குப் போனவன் அவனைப் பார்த்தேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான், கையில் மாவுக்கட்டு. போர்வை காலுக்கு எட்டவில்லை. இரண்டு உள்ளங்காலிலும் கருநீலமாகக் கோடு கோடாகத் தடம். வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்காலில் எப்படித் தடம் வரும்? காவலுக்கு நின்ற ஏட்டையா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து "வழுக்கி விழுந்ததில்" என்றே எழுதினேன். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து "அண்ணாச்சி, நல்லா வந்திருக்கு" என்று போன். நான் பார்த்த அந்தத் தடத்தை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

சாத்தான்குளம் நடந்தபோது நான் ஏற்கெனவே வேலையை விட்டிருந்தேன். 2020 ஜூன் 19-ஆம் தேதி தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை தந்தை. எஃப்ஐஆரில் என்ன எழுதியிருந்தது? ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள், கேட்டதற்குத் திட்டினார்கள், தரையில் உருண்டு புரண்டதில் ஊமைக்காயம் ஏற்பட்டது. அதைப் படித்ததும் எனக்கு ரைட்டரின் கைதான் தெரிந்தது. ஒரு வேளை அந்த ஊருக்கு நான் நிருபராக இருந்து, 20-ஆம் தேதி அந்தப் பாரா எனக்கு வந்திருந்தால்? "ஊரடங்கை மீறிய இருவர் கைது" என்று நாலு வரி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். அந்தக் கதை உடைந்தது பக்கத்துக் கடை சிசிடிவியாலும், மாஜிஸ்திரேட் விசாரணையில் வாய் திறந்த ஒரு பெண் தலைமைக் காவலராலும்தான். சிசிடிவியைப் பார்க்கப் பெரிய புலனாய்வு தேவையில்லை. போய்க் கேட்டால் போதும்.

உங்கள் தம்பி விஷயத்தில் வீட்டுக் கதவைக்கூடத் தட்ட வேண்டாம். "எத்தனை பேர் ரிமாண்ட்?" என்று மறுநாள் கோர்ட்டில் ஒரு கேள்வி கேட்டால் போதும். மூன்று என்று சொல்லியிருப்பார்கள். நாலாவது ஆள் எங்கே என்று அங்கேயே இடித்திருக்கும்.

நைட் டெஸ்க்:

அண்ணாச்சி எழுதியது உண்மை, மறுக்கவில்லை. நான் அந்தப் பாராவை வாங்கிப் பக்கம் முடிக்கிற இடத்தில் இருக்கிறேன். ஒன்பது தாலுகா, இரண்டு உதவி ஆசிரியர்கள். ஆனால் "போலீஸ் சொல்வதை நம்பாதே" என்று மட்டும் சொன்னால் அந்த இடத்தில் வேறு என்ன வந்து உட்காரும் என்றும் யோசியுங்கள். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியில், போளூர் பக்கம் குலசாமி கோவிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. 2023 மார்ச்சில் திருப்பூரில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் ஓடின. அவை வேறு சம்பவங்களின் வீடியோ என்று போலீஸ் சொன்னது, அது சரியாகவே இருந்தது. அன்றைக்கு அதை உடனே போடாமல் "இரு தரப்பையும் விசாரிக்கிறோம்" என்று காத்திருந்தால் பயந்து ஊருக்குக் கிளம்பிய தொழிலாளர் கூட்டம் ரயில் நிலையத்தில் இன்னும் கூடியிருக்கும்.

பழைய தாலுகா நிருபர்:

தம்பி, அது சரி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. திருப்பூர் விஷயத்தில் போலீஸ் ஊருக்கு ஒரு தகவல் சொன்னது, யார் வேண்டுமானாலும் அந்த வீடியோவை எடுத்துச் சரிபார்க்க முடிந்தது. ஸ்டேஷனுக்குள் நடந்ததைப் பற்றி ஸ்டேஷனே சொல்லும்போது அது ஒரு தரப்பு. பக்கத்து வீட்டுச் சண்டையில் ஒரு வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் வைத்து நீங்கள் செய்தி போடுவீர்களா?

கறுப்பு கோட்டு:

அக்கா, உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

"ஒப்புக்கொண்டார்" என்று பேப்பரில் வருகிறதே, போலீஸிடம் சொன்னதாகச் சொல்லப்படும் ஒப்புதலைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கோர்ட் ஏற்காது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 23. பொருள் ஏதாவது கைப்பற்றப்பட்டால் அது தொடர்பான பகுதிக்கு மட்டும் விலக்கு. கோர்ட் நம்பக்கூடாது என்று சட்டம் சொல்வதைத்தான் டீக்கடையில் எல்லோரும் காலையில் நம்புகிறோம். அண்ணாச்சி சொன்ன ரிமாண்ட் கேள்விக்குக் கோர்ட்டுக்குக்கூடப் போக வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, கைதானவர்களின் பெயர் விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். எத்தனை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

எஃப்ஐஆர் நகலை ஆன்லைனில் எடுங்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் வழக்கு போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை இணையத்தில் ஏற வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் தம்பி பெயர் இல்லை என்பதைப் பாருங்கள். பிறகு மூன்று பேப்பர் ஆசிரியர்களுக்கும் மறுப்பு வெளியிடச் சொல்லிப் பதிவுத் தபால். வாட்ஸ்அப் வேண்டாம், தபால். பதில் வராவிட்டால் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும், உங்களுக்கு ஏற்கெனவே ஐந்து வாரம் ஓடிவிட்டது. கவுன்சிலால் அபராதம் போட முடியாது, எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும். டிவி, யூடியூப் சேனல் எதுவும் அதன் கையில் இல்லை. இருந்தாலும் பெண் வீட்டாரிடம் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

போலீஸ் பத்திரிகைகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு கையேடு தயாரிக்கச் சொல்லி மத்திய உள்துறைக்கு உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. தயாரிக்க மூன்று மாதம் கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள்.

கம்மாய்க்கரை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. எஃப்ஐஆர் எடுத்துவிட்டேன். மூன்று பெயர்தான், தம்பி பெயர் இல்லை.

நேற்று ஒரு பேப்பரின் மாவட்ட ஆபீசுக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். "போலீஸ் கொடுத்ததைத்தானம்மா போட்டோம். உங்க தம்பி அக்யூஸ்ட் இல்லேன்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க, போட்டுடறோம்" என்றார். போடும்போது ஒரு காகிதமும் கேட்கவில்லை. எடுக்க மட்டும் காகிதம் வேண்டுமாம். எஃப்ஐஆரை நீட்டினேன். ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வதாக ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி, உங்கள் உள்ளங்கால் விஷயத்தைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு என்னைய அடிக்கலக்கா, டீ வாங்கிக் குடுத்தாங்க" என்றான்.

திங்கட்கிழமை மூன்று தபாலும் போகிறது. இரண்டு பேப்பர் கட்டிங் கையில் இருக்கிறது. மூன்றாவது, டீக்கடைக்காரர் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டாராம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே பிரிண்ட் எடுத்து அனுப்பினால் செல்லுமா என்று வக்கீல் சார் சொன்னால் நல்லது.